யாரோ பிடித்திருக்கிறார்கள்

அந்த எண் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்று என்றுதான் இருந்தது.

திருபுவனை தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி அது. அதன் பின்பக்கம், பழைய சாக்குகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, டெஸ்டிங் ரூம் என்று பெயர் எழுதி அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கார்த்திகை மழை காலையிலிருந்து விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் அதன் இரைச்சலுக்கு அடியில், முற்றத்துக்கு அப்பால் இருந்த ஷெட்டிலிருந்து பிரஸ் மிஷின்கள் தகடு அடிக்கும் அதிர்வு தரை வழியாக வந்து, நாற்காலிக் காலில் ஏறி, அவள் முதுகுத்தண்டு வரைக்கும் விட்டுவிட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. சாக்கின் பூஞ்சை வாடை, கிரீஸ் வாடை, சுவரில் கசிந்து இறங்கும் மழைநீரின் வாடை எல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. திரையில் இருந்த ஒன்று மட்டும்தான் பழகாதது.

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. இப்போது அதற்கும் அந்த மிஷினுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. கரண்டு ஒயர், திரை, கீபோர்டு, அவ்வளவுதான். அதன் கர்னலுக்குள், அதாவது கம்ப்யூட்டரின் அடிவயிற்றில், ஒரு மாட்யூல், வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கும் சின்ன புரோகிராம், உட்கார்ந்திருந்தது. பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் திரை கட்டியதுபோல் ஒளி ஓடும், லைட் கர்ட்டன் என்பார்கள். கை உள்ளே போனால் ஒளி மறையும். மறைந்ததை மிஷினுக்குச் சொல்வது அந்த மாட்யூலின் வேலை. சொன்னால், மேலே தொங்கும் இரும்புப் பாளம் இறங்காமல் நிற்கும். மாட்யூலை எந்த புரோகிராமாவது பயன்படுத்தினால் எண் ஒன்று கூடும், விட்டுவிட்டால் ஒன்று குறையும். இங்கே எந்த புரோகிராமும் ஓடவில்லை. ஆனாலும் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது.

அணைத்துப் போட்டாள். மறுபடி ஒன்று.

ஏதோ பழைய கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த வேலையே ஒரு பழைய கோளாறைச் சரிசெய்யத்தான் வந்தது, அந்தக் கோளாறு ஒரு ஆளைத் தின்றிருந்தது. ஷிப்டு மாறும்போதெல்லாம் ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஓட்டுவார்கள். அது மாட்யூலை ஏற்றும், பொய்யாக ஒரு கையை நீட்டி மிஷின் நிற்கிறதா என்று சோதிக்கும், கடைசியில் மாட்யூலை இறக்கிவிட்டுப் போகும். எழுதியவன் முத்துக்குமரன் என்று ஒருவன், இப்போது பெங்களூரில் இருக்கிறான், சௌக்கியமாகவே இருக்கிறான். மாட்யூலை வேறு யாராவது பிடித்திருந்தால் இறக்க முடியாது, உபயோகத்தில் இருக்கிறது என்று கர்னல் மறுத்துவிடும். அந்த மறுப்பு முத்துக்குமரனுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. கடைசி வரியில் ஃபோர்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டான். யார் பிடித்திருந்தாலும் பிடுங்கு என்று அதற்கு அர்த்தம்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கிய தகட்டை எடுக்கப் பிரஸ்ஸின் வாய்க்குள் போகிறவன் தன் துண்டைப் பேனல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம், எந்தக் கொம்பனும் சுவிட்சைத் தொடமாட்டான். நல்லவாடு கிராமத்திலிருந்து வந்து மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த சூசைநாதனும் செத்த அன்றைக்குத் துண்டை மாட்டிவிட்டுத்தான் போனார். உள்ளேயிருந்து விரல் முட்டியால் சட்டத்தில் இரண்டு தட்டும் தட்டினார். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு அப்படி ஒரு பழக்கம். துண்டு மனுஷனுக்குத் தெரியும், ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? டீ நேரத்தில் ஆபீசிலிருந்து யாரோ அதை ஓட்டினார்கள். யாரோ என்றால் முதலாளி பிரேம்தான், ஆனால் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்கிரிப்ட் மாட்யூலைப் பிடுங்கியது. தடை இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போனதைத் தடையே இல்லை என்று மிஷின் எடுத்துக்கொண்டது.

சோடாவைத் தவிர வேறெதையும் குடித்தறியாத மனிதர் குடித்திருந்ததாக எழுதிக்கொண்டார்கள். குருக்களையும் ஃபாதரையும் ஒரே காலையில் வரவழைத்து ஷெட்டுக்குத் தீர்த்தமும் மந்திரித்த தண்ணீரும் தெளித்தார்கள், இரண்டையும் ஒரே மாப்பால் துடைத்துவிட்டார்கள். மூன்றாம் பிரஸ்ஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. புது ஆளும் வந்தான். அந்த ஆள் ஸ்டெல்லாவின் புருஷன் அன்புராஜ்.

காலையில் வில்லியனூரில் வீட்டைப் பூட்டும்போது அவள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"இன்னாங்க, ஸ்கிரிப்டு முடியிற வரைக்கும் லீவு போடுங்களேன்."

"மொத நாளே லீவா? நல்லா கீது போ. இத்தினி வருஷம் கான்ட்ராக்ட்ல நாயா ஒழச்சாச்சி, இப்பதான் ஒரு சீட்டு கெடச்சிருக்கு."

"செத்தவரு சீட்டுங்க அது."

"எல்லா சீட்டும் எவனோ ஒருத்தன் எழுந்து போன சீட்டுதான்டி." வண்டியை மிதித்துவிட்டு அவன் சிரித்தான். "நீதான எழுதுற? எம்பொண்டாட்டி எழுதுனத நம்பி கைய வுடமாட்டனா நானு?"

அந்தச் சிரிப்பு நாள் முழுக்க அவள் காதிலேயே இருந்தது. மாலை ஷிப்டில் மூன்றாம் பிரஸ் மறுபடி ஓடப்போகிறது. அதற்குள் ஸ்கிரிப்ட் தயாராக வேண்டும், தயாரானதைச் சோதித்துக் காட்டவும் வேண்டும்.

அவள் நன்றாகவே எழுதியிருந்தாள். எதையும் தொடுவதற்கு முன் மாட்யூல் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்க்கும்படி எழுதினாள். ஏறியிருந்தால் அது வேறொருவருடையது, அதை இறக்க ஸ்கிரிப்டுக்கு உரிமை இல்லை. தான் ஏற்றியதைத் தான் மட்டும் இறக்கும். நடுவில் ஏதாவது அறுந்து நின்றாலும், யாராவது பாதியில் நிறுத்தினாலும், போகும்போது இருந்ததை இருந்தபடி வைத்துவிட்டுப் போகும். இறக்கும் முன் ஒருமுறை கேட்கும், யாராவது பிடித்திருக்கிறீர்களா என்று. பிடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிடும். ஃபோர்ஸ் என்ற சொல்லே அதில் கிடையாது. திரையில் வரும் செய்திகளைக்கூட ஷெட்டில் நிற்பவர்கள் படிக்கும்படி தமிழிலேயே வைத்தாள்.

மறுபடியும் ஓட்டினாள்.

'யாரோ பிடித்திருக்கிறார்கள். விலகுகிறேன்.'

அவள் எழுதிய வாக்கியம்தான். ஆனால் வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் இருந்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து, லைட் கர்ட்டன் ஒயர் செருகும் துளையை விரலால் தடவிப் பார்த்தாள். வெறும் துளை. உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனபோது கிரீஸும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது, மழைக்கு முன்னால் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வேலைக்கு வரும் ஆளிடமிருந்து வருவதுபோல. துப்பட்டாவில் விரலை அழுத்தித் துடைத்தாள்.

மாட்யூலிடம் நேராகவே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. எந்த இடத்தில் ஒளி மறைந்திருக்கிறது என்று அது சொல்லும். ஒயரே இல்லாத கர்ட்டனைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது, பிழை என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். அவள் கட்டளையைத் தட்டினாள். பிழை வரவில்லை. இடப்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கும் வலப்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கும் தடை இருப்பதாகத் திரை காட்டியது. இரண்டு கைகள், முழங்கை அளவுக்கு உள்ளே நீண்டிருக்கின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கத்துத் தடை கொஞ்சம் நகர்ந்து, பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

அப்போது மேசையிலிருந்து சத்தம் வந்தது. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டிக்கு உள்ளேயிருந்து, விரல் முட்டியால் தட்டுவதுபோல் இரண்டு தட்டு. மழை கூரையில் அப்படி விழாது, ஷெட்டின் அதிர்வும் அப்படி இருக்காது. அவள் நாற்காலியோடு பின்னுக்குப் போனாள். சுவர் முதுகில் முட்டியது. பயத்தோடு சேர்ந்து அவளுக்கு அழுகையும் வந்தது, அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. யாராவது பிடித்திருக்கிறீர்களா என்று இந்தக் கம்பெனியில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது அவளுடைய ஸ்கிரிப்ட் மட்டும்தான். கேட்டதற்குச் சூசைநாதன் பதில் சொல்கிறார்.

கதவு திறந்தது. ஈரக் குடையை மடக்கிக்கொண்டு பிரேம் வந்தார். வில்லியனூர் கடைவீதியில் அப்பாவும் தாத்தாவும் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். மரியாதையாகத்தான் பேசுவார், குரலை உயர்த்தியதே கிடையாது.

"இன்னாம்மா, ஆச்சா? விளக்கு வெக்கிற நேரமாச்சி. ஷிப்டு ஆளுங்க வந்துட்டாங்க."

"சார், இதுல ஒண்ணு காட்டுது. யாரோ மாட்யூல புடிச்சினு இருக்காங்க. டெஸ்டு முடியல."

"யாரும்மா புடிப்பாங்க? ஒயரே இல்லியே இதுக்கு."

"தெரியல சார்." சூசைநாதனின் பெயரை அவள் எடுக்கவில்லை. "புடிச்சிருந்தா தொடாதன்னுதான் எழுதியிருக்கேன். அதுக்குத்தான சார் இந்த வேலையே."

பிரேம் திரையைப் பார்த்தார். மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டார். பெட்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை. முதலாளி வந்தால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் செத்த பிறகும் போவதில்லை போலும்.

"நாளைக்கு லோடு போவணும்மா. இங்க ஓடலன்னா அங்க எப்படி ஓட்டறது? அந்த ஒண்ண ஜீரோ ஆக்க வழி இல்லாமயா இருக்கும்?"

"வழி இருக்கு சார். பண்ணக்கூடாது."

"அன்புராஜு பேரு இன்னிக்குதான் பர்மனன்ட்ல ஏத்தறோம்." அவர் இதையும் மெதுவாகத்தான் சொன்னார். "மூணாவது பிரஸ்ஸு ஓடலன்னா அந்த எடத்துக்கு எதுக்கும்மா ஆளு? நீயே சொல்லு."

பள்ளிக் கட்டணம், வாடகை, வண்டித் தவணை என்று எல்லாம் ஒரு நொடியில் அவள் தலைக்குள் ஓடின, எல்லோருக்கும் ஓடுவதுபோல. இந்தக் கம்ப்யூட்டரில்தான் மிஷினே இல்லையே, இங்கே பிடுங்கினால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று ஒரு நியாயமும் கூடவே வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நியாயத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை. கீபோர்டில் கையை வைத்தாள். ஸ்கிரிப்டில் எழுதாத அந்தச் சொல்லைக் கையாலேயே தட்டினாள். பிரேம் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோர்ஸா? அவ்ளோதானா?" என்றார். "இதுக்கா இத்தினி நேரம்?"

பெட்டிக்குள் இரண்டு தட்டு கேட்டது. உடனே இன்னும் இரண்டு. பிறகு வரிசையாக, வேகமாக, உள்ளே மாட்டியவன் கதவைத் தட்டுவதுபோல். பிரேமின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அவருக்கு அது கேட்கவில்லை. ஸ்டெல்லா என்டரை அழுத்தினாள்.

பூஜ்யம்.

தட்டு நின்றது. தேங்காயெண்ணெய் வாடை அறையைவிட்டுப் போயிற்று. பிரேம் அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, ஷெட்டில் ஓட்டுவதை ஆபீசிலிருந்து தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் குடையை விரித்தார். அறை காலியானது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கிளம்பிவிட்ட பிறகு இருக்கும் காலி அது. எழுந்தவர் எங்கே போனார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததும் லேப்டாப்பை இழுத்துத் திறந்தாள்.

அவளுடைய லேப்டாப், மூன்றாம் பிரஸ்ஸின் புதுக் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. ஆபீசிலிருந்து அங்கே தட்டுவது எதுவாக இருந்தாலும் இங்கேயும் தெரியும். பிரேம் அவள் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டிருந்தார். வரிகள் ஒழுங்காக இறங்கின. மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்தது. ஏற்றியது. பொய்க் கையை நீட்டியது. மிஷின் நின்றது. எல்லாம் சரி. இறக்கும் முன், எழுதியபடியே, ஒருமுறை கேட்டது.

'யாரோ பிடித்திருக்கிறார்கள். விலகுகிறேன்.'

இங்கே பூஜ்யம். அங்கே ஒன்று.

பிரேமுக்கு போன் போட்டாள். வேறு அழைப்பில் இருந்தார். அன்புராஜுக்குப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கினாள். முற்றத்தில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. ஷிப்டு ஆட்கள் எல்லோரும் கேட் பக்கம் கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தார்கள், சிரிப்பும் பேச்சும் மழையைத் தாண்டி வந்தன. ஷெட்டுக்குள் ஒரே ஒரு மோட்டார் சுற்றும் சத்தம்.

மூன்றாம் பிரஸ்ஸுக்கு மேலே மட்டும் டியூப்லைட் எரிந்தது. அன்புராஜ் அதற்கு முன்னால் இவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். முதல் தகட்டை வைக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றிருந்தான். இரண்டு கைகளும் முழங்கைவரை உள்ளே. சட்டைப்பையில் அவன் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க."

அவன் திரும்பினான். தலை மட்டும்தான் திரும்பியது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அது மழை அல்ல.

"ஸ்டெல்லா, கைய எடுக்க முடியல."

"மாட்டிக்கிச்சா? தகடு மாட்டிக்கிச்சா?"

"தகடு இல்ல." சத்தம் போட்டால் யாருக்கோ கோபம் வந்துவிடும் என்பதுபோல் அவன் மெதுவாகப் பேசினான். "புடிச்சினு இருக்காங்க. உள்ளருந்து. ரெண்டு கையையும்."

அவள் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். ஓர் அங்குலம் வந்தான். உள்ளேயிருந்து ஓர் அங்குலம் இழுக்கப்பட்டான். பக்கவாட்டில் இருந்த சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தாள். அது ஏற்கெனவே அமுங்கிக்கிடந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கேட்டைப் பார்த்து அலறினாள். மழை. சிரிப்பு. மறுபடி மழை. லைட் கர்ட்டனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை இருக்கிறது, கை இருக்கிறது என்று மாட்யூல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொல்லும் வரைக்கும் மேலே இருக்கும் இரும்பு இறங்காது. ஸ்கிரிப்ட் அதைத் தொடவில்லை. அவள் எழுதியபடியே ஒதுங்கி நின்றது.

"வுடமாட்டேங்கறாரு ஸ்டெல்லா. கை சில்லுன்னு கீது. எண்ணெ வாடை அடிக்கிது."

அவள் கன்னம் அவன் முதுகில். கண் பேனலின் திரையில். அவளுடைய வாக்கியம் அங்கே அசையாமல் நின்றிருந்தது. அதன் கீழே புது வரி ஒன்று திறந்தது.

இரும்புக்குள்ளிருந்து இரண்டு தட்டு.

ஆபீசில் உட்கார்ந்து ஒருவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியிருந்தார். மெதுவாக. எழுத்தைத் தேடித் தேடி. சற்றுமுன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்ட சொல்தான் அது. எஃப் வந்தது. ஓ வந்தது. அவள் புருஷனைக் கட்டிக்கொண்டு மொத்த உடம்பாலும் இழுத்தாள். ஆர் வந்தது. இருட்டான அந்த வாய்க்குள், அவனுடைய இரண்டு கைகளுக்குமேல், நசுங்கிய இரண்டு கைகள் இன்னும் இறுக்கமாகப் பற்றுவதை அவள் பார்த்தாள். சி வந்தது.